நல்ல தண்ணீர்ப் பங்கு

மூன்றாவது தடவையும் பூங்கோதைக்கு ஒட்டவில்லை.

மாத்திரை முகாமின் டாக்டர் ஹெப்சிபா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, அப்படியே சரிந்து கீழே படுத்துக் கிடந்தது.

"நாலு நாள் நல்லா வளர்ந்திருக்கு. அப்புறம் உங்க உடம்பு ஏத்துக்கல. நாலாவது தடவை மாத்திரை குடுக்கறதில்லைங்க, விதி அப்படி."

"என்ற ஓரகத்திக்கு முதல் தடவையே ஒட்டிருச்சுங்க."

"அது அவங்கவங்க குடலைப் பொறுத்தது. நூறு பேர்ல நாற்பது பேருக்குத்தான் ஒட்டுது. உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் பூங்கோதைக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாமே.

தொட்டிக்காட்டில் எண்பது சாயப்பட்டறைகள் இருந்தன. ஊரைச் சுற்றி எங்கே துளை போட்டாலும் வெறும் டீத்தண்ணீர் நிறத்தில் உப்புக் கரிக்கும் நீர்தான் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் நல்ல தண்ணீர், அட்டையைக் காட்டி வரிசையில் நின்று வாங்க வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன்னால்தான் ஒரு கம்பெனி அந்த மாத்திரையைக் கொண்டுவந்தது. அதற்குள் ஆய்வகத்தில் உருவாக்கிய நுண்ணுயிர்கள் இருந்தன. குடலில் ஒட்டி வளர்ந்தால், குடிக்கிற நீரில் உள்ள உப்பையும் சாயத்தையும் ஈயம், குரோமியம் போன்றவற்றையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குத் தண்ணீர் மட்டும் போகும். பிடித்து வைத்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவில் வெளியேறிவிடும் என்று கம்பெனி சொன்னது. ஊரில் அதற்குப் பூச்சி என்று பெயர். வயிற்றுப் பூச்சியைக் கொல்ல மாத்திரை போட்ட ஜனம், இப்போது பூச்சி வளர்க்க மாத்திரை போட்டது. தெருவில் இருவர் சந்தித்துக்கொண்டால், "உனக்கு ஒட்டிருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

பூங்கோதை ஒரு சாயப்பட்டறையின் ஆய்வறையில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறம் வருகிற மாதிரி சாயம் கலந்து கொடுப்பது அவள் வேலை. அவள் கண்ணுக்கு நிறம் தப்பாது என்று பட்டறையில் பெயர். கணவன் சென்னியப்பன் அதே பட்டறையில் பாய்லர் ஆள். ஏழு வயதில் ஒரு மகள், ஆதிரை. அதே வீட்டில், ஒரே அடுப்பில், சென்னியப்பனின் தம்பியும் அவன் மனைவி நிரஞ்சனாவும் இருந்தார்கள். நிரஞ்சனா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. அதனால் பூங்கோதைக்கு அவள்மேல் எப்போதும் ஒரு இரக்கம் உண்டு. தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைப்பது மாதிரியான இரக்கம். அது இருந்தவரை இருவருக்கும் நடுவில் ஒரு குறையும் வரவில்லை.

பூச்சி வந்து அதைத் தலைகீழாக்கிவிட்டது.

ஒட்டிய மறுநாளே நிரஞ்சனாவின் தண்ணீர் அட்டை ரத்தானது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. குழாயைத் திருப்பி, வருகிற பழுப்புத் தண்ணீரைச் சொம்பில் பிடித்து நின்ற இடத்திலேயே குடித்தாள். பனியன் கம்பெனிகள் ஒட்டியவர்களைத்தான் விரும்பின. அவர்களுக்குத் தண்ணீர் வரிசை கிடையாது, தாமதம் கிடையாது, வயிற்று வலி என்று விடுப்பும் கிடையாது. மூன்றே மாதத்தில் நிரஞ்சனா லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். பூங்கோதை விடிகாலை ஐந்தரைக்குக் குடங்களோடு வரிசையில் நின்று ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது, நிரஞ்சனா குளித்து, வகிடெடுத்து, ஆதிரைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். பூங்கோதை பின்னினால் ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயும் இருக்கும். நிரஞ்சனா பின்னினால் இரண்டும் அளந்து வைத்த மாதிரி.

"சித்தி கை பட்டாத்தான் அது பள்ளிக்கூடம் போகுது" என்றான் சென்னியப்பன் ஒருநாள். அவன் பாராட்டாகத்தான் சொன்னான். பூங்கோதை குடத்தை இறக்கி வைத்த சத்தம் அடுத்த வீடுவரை கேட்டது.

பழுப்புத் தண்ணீரில் சமைத்தது மற்றவர்களுக்கு ஆகாது. ஆகவே அடுப்பில் எதற்கும் இரண்டு பாத்திரங்கள். நிரஞ்சனாவுக்கு முதல் ஷிப்ட் என்பதால் சமையல் முழுக்கப் பூங்கோதையின் தலையில். தனக்கும் மற்றவர்களுக்கும் அளந்து அளந்து நல்ல தண்ணீர். நிரஞ்சனாவுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரில் ஒரு சின்னக் குக்கர். அந்தக் குக்கரைத் திறக்கும்போதெல்லாம் பூங்கோதைக்கு நெஞ்சுக்குழியில் ஒன்று சுருண்டு எழும். இவளுக்கு என்ன குறை? தண்ணீரைப் பற்றி நினைக்காமலே ஒரு நாளைக் கழிக்க இவளால் முடிகிறது. ஐந்து வருடமாக நான் பாவம் என்று நினைத்த இவளால்.

மூன்றாவது தடவை ஒட்டாமல் போன அன்று சாயங்காலம் ஆதிரை அவள் மடியில் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, பன்னெண்டு வயசானா எனக்கும் மாத்திரை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க கண்ணு."

"எனக்குச் சித்தி மாதிரி ஒட்டிரணும். உன்னை மாதிரி ஆயிரக் கூடாது."

குழந்தை அதை ஒரு வேண்டுதல் போலச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது.

மறுவாரம் பூங்கோதை மறுபடியும் டாக்டர் ஹெப்சிபாவிடம் போனாள்.

"ஓரகத்திக்கு நான்தானுங்க சமைக்கிறேன். பூச்சி இருக்கிறவங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு தெரிஞ்சா பார்த்து நடந்துக்குவேன்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "இப்படி வந்து கேட்கிற முதல் ஆள் நீங்கதான். ரொம்ப முக்கியமான ஒண்ணு சொல்றேன். நல்ல தண்ணி ஆகாது."

பூங்கோதைக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. "நல்ல தண்ணிங்களா?"

"இந்த உயிர் உப்புலயே வளர்ற மாதிரி செஞ்சது. உள்ளே உப்பைப் பிடிச்சு வச்சிருக்கும். வெளிய நல்ல தண்ணி வந்தா அது உள்ளே பாய்ஞ்சு, ஊறின உளுந்து மாதிரி ஊதி வெடிச்சிரும். ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர் பரவால்ல. தினம் லிட்டர் கணக்குல போனா பூச்சி மொத்தமா செத்துப்போகும்."

"செத்தா என்னங்க ஆகும்?"

"ரெண்டு நாள் காய்ச்சல், வயித்துப்போக்கு, அப்புறம் பழையபடி சாதாரண ஆள்னு கம்பெனி சொல்லுது." டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "ஆனா அதுங்க பிடிச்சு வச்சதெல்லாம் கழிவுல வெளிய போகுதா, உள்ளேயே சேருதான்னு எனக்கு இன்னும் நிச்சயமில்ல. சேர்ந்திருந்தா, வெடிக்கிறப்போ எல்லாம் ஒரே நேரத்துல ரத்தத்துல கலக்கும். அதை இதுவரை யாரும் சோதிச்சுப் பார்க்கல."

பூங்கோதை முதலில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரெண்டு நாள் காய்ச்சல், அப்புறம் சாதாரண ஆள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சாகடிக்கவா போகிறேன்? என்னை மாதிரி ஆக்கப்போகிறேன், அவ்வளவுதான். நான் வாழ்கிற வாழ்க்கைதானே.

நிரஞ்சனா தினமும் வேலைக்கு இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொண்டுபோவாள். உள்ளே இருக்கிற தண்ணீரின் நிறம் வெளியே தெரியாது. மறுநாள் காலை நிரஞ்சனா ஆதிரைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதே பூங்கோதை முந்திக்கொண்டு, அதில் குழாய்த் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீரை ஊற்றினாள். வரக்காப்பியையும் அப்படியே போட்டாள். ரசத்துக்கும் அதே தண்ணீர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்கு வரும் நல்ல தண்ணீருக்குக் கணக்கு உண்டு. ஆதிரைக்கோ ஆண்களுக்கோ குறைத்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் தன் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. ஆறு லிட்டரில் மூன்று நிரஞ்சனாவுக்குப் போனது. பூங்கோதை பட்டறையில் தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் உதடு வெடித்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. மத்தியானத்தில் தலை சுற்றி, கலக்கிக்கொண்டிருந்த பச்சை ஒரு சாயல் தவறிப்போனது. பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இருந்தும் அவள் நிறுத்தவில்லை. தாகம் எடுக்கும்போது, இது அவள் வயிற்றுக்குள் போய் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

ஆனால் நிரஞ்சனா வாடவில்லை. முகம் தெளிந்து, முன்னைவிடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாட்டிலை நீங்களே ரொப்பி வச்சிருங்க" என்றாள் ஒருநாள், எப்போதும் தானே அதை எடுத்துக் குழாயடிக்குப் போகிறவள். சாயங்காலம் வரும்போது பூங்கோதைக்கென்று தேங்காய் பன் வாங்கி வந்தாள். இன்னொரு நாள், வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு நெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து தானே தடவிவிட்டாள். பூங்கோதைக்கு உடம்பு கூசியது. இவளுக்கு நல்லவளாக இருப்பதுகூட எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தாள். வரிசையில் நிற்காதவளுக்கு எல்லாமே சுலபம்தான்.

அந்த நாட்களில்தான் குழாய்த் திட்டப் பேச்சு வந்தது. மலையடிவாரத்திலிருந்து ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த திட்டம்.

"தள்ளி வச்சுட்டாங்க" என்றான் சென்னியப்பன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஒட்டினவங்க சங்கம் வேண்டாம்னு மனு குடுத்திருக்குது. நல்ல தண்ணி குழாய்ல வந்தா அவங்களுக்குன்னு இருக்கிற மவுசு போயிருமாமே. பட்டறை முதலாளிகளும் கூடவே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"முதலாளிங்க எதுக்கு?"

"தண்ணி அழுக்கா இருந்தாத்தான் பாதி ஊரு பொழைக்கும்னு ஆயிட்டா, சாயத்தை விடாதேன்னு எவன் கேட்பான்? நம்ம பட்டறைல சுத்திகரிப்பு மெஷினை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு."

நிரஞ்சனா அப்போது எதிரில் உட்கார்ந்திருந்தாள். "நான் அந்த மனுவுல கையெழுத்துப் போடலீங்க மாமா" என்றாள்.

பதினெட்டாவது நாள் காலை பத்தரை மணிக்கு, பனியன் கம்பெனியில் தைத்த துணிகளை எண்ணிக்கொண்டிருந்த நிரஞ்சனா மேசைமேல் சரிந்து விழுந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் பூங்கோதை ஓடிப்போனபோது, கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது கருநீலமாக இருந்தது. பூங்கோதைக்கு அந்த நிறம் தெரியும். போன வருடம் ஒரு ஆர்டருக்கு அவளே கலக்கிக் கொடுத்தது. நாற்பது டன் துணிக்கு ஓடிய நிறம்.

தகவல் கேட்டு முகாமிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹெப்சிபா அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். "நான் பயந்ததுதான் நடந்திருக்கு. வெளியேறவே இல்லை. எட்டு மாசமா குடிச்ச அத்தனையும் உள்ளேயே இருந்திருக்கு. எல்லாம் ஒரேயடியா ரத்தத்துல இறங்கி ரெண்டு கிட்னியும் நின்னுபோச்சு. ஈயத்தையும் குரோமியத்தையும் பிரிச்செடுக்கிற டயாலிசிஸ் கம்பெனியோட ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோகணும்."

ரெண்டு நாள் காய்ச்சல் என்று தன் உதடு தானாக முணுமுணுப்பது பூங்கோதைக்கே கேட்டது.

உள்ளே போனபோது நிரஞ்சனா கண்ணைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். யாருகிட்டயும் சொல்லீராதீங்க. எனக்குத் தெரியும்."

பூங்கோதை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டில்ல நீங்க ஊத்தினது நல்ல தண்ணின்னு முதல் நாளே நாக்கு சொல்லிருச்சு. உங்க பங்கைத்தான் எனக்கு ஊத்தறீங்கன்னு உங்க உதட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். போதும்னு சொல்லியிருக்கணும். என்னால முடியலக்கா."

"உனக்கு... ஆகாதுன்னு தெரியாதா?"

"ஒட்டினப்பவே கூப்பிட்டுக் காதுல போட்டுத்தான் அனுப்பினாங்க. உங்களுக்குத்தான் அது தெரியாது. அதனால உங்க மேல தப்பில்ல." அவள் மூச்சு வாங்கினாள். "எட்டு மாசம்க்கா. அந்தத் தண்ணி தாகத்தை அடக்கும், அவ்வளவுதான். நாக்கு செத்துப்போன மாதிரி இருக்கும். நீங்க குடத்தைத் தூக்கிட்டு வந்து, ஒரு டம்ளர் மொண்டு அண்ணாந்து குடிப்பீங்களே, ஆதிரைக்குத் தலை பின்னிக்கிட்டே அதைத்தான் பார்த்துட்டு இருப்பேன். உங்க மேல அவ்வளவு பொறாமை எனக்கு. ஒருநாள் ஆதிரை வச்ச மிச்சத்தை யாரும் பார்க்காம டம்ளரைக் கவுத்துக் குடிச்சேன். அதை நீங்க எப்படியோ கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். வாயைத் திறந்து ஒண்ணும் கேட்காம, உங்க வாயைக் கட்டி எனக்குக் குடுத்தீங்க. என்ற அம்மாகூட அப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க."

பூங்கோதையால் அவள் கையைப் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மத்தியானம் கம்பெனியிலிருந்து பரமானந்தம் என்ற அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு படிவம். குடும்பத்தார் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"கேள்வி ஒண்ணுதான்மா. நல்ல தண்ணி தெரிஞ்சு குடிச்சீங்களா? தெரிஞ்சு குடிச்சிருந்தா நீங்க ஒப்பந்தத்தை மீறினதா ஆகும். எங்க ஆஸ்பத்திரியில சேர்க்க முடியாது. தெரியாம நடந்த விபத்துன்னா உடனே வண்டி வரும்."

நிரஞ்சனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தெரிஞ்சுதாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"அவளுக்குத் தெரியாது" என்றாள் பூங்கோதை. "நான்தான் கலந்தேன். வேணும்னுதான் கலந்தேன்."

பரமானந்தம் பேனாவை நிறுத்தினார்.

"பூச்சி போகணும்னு கலந்தேன். அவளுக்கு ஒட்டி எனக்கு ஒட்டாதது எனக்குப் பொறுக்கல. நல்ல தண்ணி ஆகாதுன்னு இந்த டாக்டரம்மாகிட்டயே போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பதினெட்டு நாள் ஊத்தினேன். எழுதிக்கோங்க."

சென்னியப்பன் அவளை முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். கொழுந்தன் கை ஓங்கிக்கொண்டு வந்தான், நர்ஸ் தடுத்தாள். பரமானந்தம் மட்டும் நிம்மதியானவர் போலத் தெரிந்தார். வேகமாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அரைமணி நேரத்தில் வண்டி வந்தது.

வண்டியில் ஏற்றும்போது டாக்டர் ஹெப்சிபா பூங்கோதையின் அருகில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவா. நீங்க சொல்லலைன்னா பொழைச்சிருக்க மாட்டா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பூச்சி விஷத்தை வெளியேத்தலைன்னு காட்ட என்கிட்ட இருந்த முதல் ஆதாரம் அவதான். இனி அவங்க மாத்திரையைப் பத்திப் பேச மாட்டாங்க, உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க."

அப்படித்தான் நடந்தது. ஓரகத்தியின் பொறாமை என்று செய்தி வந்தது. நிரஞ்சனாவின் பரிசோதனைத் தாள்களைக் கம்பெனி யாருக்கும் காட்டவில்லை. முகாம் வழக்கம்போல் நடந்தது, மாத்திரைக்கு வரிசை குறையவே இல்லை. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பூங்கோதைமேல் வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டார்கள். பட்டறை வேலை போனது. சென்னியப்பன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளோடு பேசுவதை நிறுத்தினான். தண்ணீர் வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள்.

ஏழு வாரம் கழித்து நிரஞ்சனா திரும்பி வந்தாள். ஒரு கிட்னி பாதி வேலை செய்தது, இன்னொன்று செய்யவில்லை. பூச்சி முழுக்கப் போய்விட்டது. சூப்பர்வைசர் வேலையும் போய்விட்டது. பழைய அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். வந்த மறுநாளே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, யார் தடுத்தும் கேளாமல், வரிசையில் பூங்கோதையின் பக்கத்தில் அந்த ஒரு ஆள் இடைவெளியில் வந்து நின்றாள்.

பூங்கோதை கேட்டது கிடைத்துவிட்டது. இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

"நிரஞ்சனா, அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் நெசம்" என்றாள் பூங்கோதை, குழாயைப் பார்த்துக்கொண்டே. "உன்னைக் காப்பாத்தச் சொன்ன பொய் இல்ல. உன்ற வயித்துல இருந்ததைக் கொல்லத்தான் ஊத்தினேன்."

"அந்த ஆள் கேட்டதுக்கு நான் உளறப் போனேன், நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க. இப்ப ஜெயிலுக்குப் போற நிலைமையிலயும் அதையே சொல்றீங்க."

"நெசத்தைத்தான் சொல்றேன்."

"ஒருத்தரைக் கெடுக்கணும்னு நினைக்கறவங்க, தான் தாகத்துல காஞ்சு, நல்ல தண்ணியைக் குடுப்பாங்களாக்கா? எந்த ஊர்ல நடக்கும் அது? கோர்ட்டுலயும் வந்து நான் இதைத்தான் சொல்லப்போறேன்."

வரிசை நகர்ந்தது. வியாதிக்காரி என்று முன்னால் நின்ற இரண்டு பெண்கள் நிரஞ்சனாவுக்கு வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. பூங்கோதையின் முறை வரும்வரை கூடவே நின்றாள். குடம் நிறைந்ததும் குனிந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பூங்கோதை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஏழு வாரமாக அழுது அழுது எல்லாம் கழுவிப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். பக்கத்தில் நடக்கிறவளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். கால் வீங்கி, மூச்சு வாங்கி நடந்தாலும், ஒரு சந்தேகமும் இல்லாமல் தெளிந்திருந்தது அந்த முகம். மனுஷர்களை இவளால் இப்படி நம்ப முடிகிறதே என்று நினைத்தபோது, பூங்கோதையின் நெஞ்சுக்குழியில் பழையது மெல்லச் சுருண்டு எழுந்தது.